கொடி முன்னா, கொட்டை முன்னா?

மென்பொருள் எழுதுவோரிடம் ஒரு பழக்கம் உண்டு. எழுதி முடித்த நிரலைப் பெற்ற பிள்ளைபோலச் சீராட்டுவார்கள். அதைப் பிறர் எவ்வாறு பயன்படுத்துவது என்று விளக்கும் ஆவணத்தையோ, ஊருக்குப் புறப்படும் அவசரத்தில் மூட்டை கட்டுவதுபோல எழுதி வைப்பார்கள். நாங்களும் அப்படித்தான் எழுதினோம். அந்த மூட்டையைப் பொறுமையாக அவிழ்த்துப் பார்த்த ஒருவர் எங்களுக்கு எழுதிய கடிதத்தையும், அதற்கு நாங்கள் அளித்த மறுமொழியையும், அம்மறுமொழியின் தவற்றை உணரத் தாண்டிக்குடி மலை வரை போக நேர்ந்ததையும் இங்கே பதிவு செய்ய விரும்புகிறோம். மென்பொருள் என்ற சொல்லைக் கண்டு இலக்கிய வாசகர்கள் விலகிவிட வேண்டாம். நூலுக்கும் அதைப் படிப்பவருக்கும் இடையே நடக்கும் பழைய வழக்கு ஒன்றுதான் இதிலும் பேசப்படுகிறது.

நாங்கள் மூவர். இருவர் நிரல் எழுதிப் பிழைப்பவர்கள். ஒருவர் கல்லூரியில் தமிழ் கற்பிப்பவர். 2021-ஆம் ஆண்டு பெருந்தொற்றால் வீட்டில் அடைந்து கிடந்தபோது, தமிழ்ச் சொற்களின் எழுத்துகளை எண்ணவும் சொற்பட்டியலை அகரவரிசைப்படுத்தவும் உதவும் சிறு நிரலகம் ஒன்றைப் பைத்தான் மொழியில் எழுதினோம். நிரலகம் என்பது, பிறர் தம் நிரல்களுக்குள் எடுத்தாளத்தக்க கருவிகளின் தொகுப்பு. இத்துறையில் முன்னோடிகள் உண்டு. முத்து அண்ணாமலை தொடங்கிப் பலர் கூடி வளர்த்த ஓப்பன்-தமிழ் நிரலகத்திலிருந்து நாங்கள் கற்றது ஏராளம். எங்களுடையது அதன் அருகே போட்ட சிறு திண்ணை. ஆனால் தமிழிலேயே நாற்பது பக்க ஆவணம் எழுதிவிட்டோம் என்பதில் எங்களுக்குச் சொல்லொணாப் பெருமை இருந்தது.

வாசகர் கடிதங்கள் மின்னஞ்சலில் வரத் தொடங்கின. பாராட்டுக் கடிதங்களுக்கு அன்றைக்கே பதில் எழுதினோம். ஐயம் கேட்டவற்றுக்கு ஓரிரு வாரங்களில் எழுதினோம். குறை சொன்னவற்றுக்கு எழுதும்போது மட்டும் மூவரும் கூடிப் பேசினோம். அந்தக் கூட்டங்களில் எங்கள் குறை என்ன என்று ஆராய்ந்ததைவிட, எழுதியவர் எதைப் புரிந்துகொள்ளவில்லை என்று ஆராய்ந்ததே அதிகம்.

அவ்வாறு கூடிப் பேச வைத்த கடிதங்களில் ஒன்று தாண்டிக்குடியிலிருந்து வந்தது. எழுதியவர் ஓய்வு பெற்ற தமிழாசிரியர். ஐந்தாறு ஏக்கரில் காப்பியும் மிளகும் வைத்திருப்பவர். கீழ்ப்பழனி மலையில் மரங்களுக்கும் வாழைகளுக்கும் தோட்ட வேலைகளுக்கும் வழங்கும் சொற்களைப் பல்லாண்டுகளாகத் தொகுத்து வருவதாகவும், அவற்றை அகரவரிசைப்படுத்த எங்கள் நிரலகத்தைக் கையாண்டதாகவும் எழுதியிருந்தார். பழைய மாணவர் ஒருவர் மடிக்கணினியில் அதை நிறுவிக் கொடுத்திருக்கிறார். கடிதத்தில் ஒன்பது குறைகள் எண்ணிட்டுச் சொல்லப்பட்டிருந்தன. நான்கை மட்டும் எங்கள் சொற்களில் சுருக்கித் தருகிறோம்.

முதலாவது: ஆவணத்தின் முதற் பக்கம் 'நிறுவிய பின்' என்று தொடங்குகிறது, எதை, எதில், எப்படி நிறுவுவது என்பது பதினோராம் பக்கத்தில்தான் வருகிறது.

இரண்டாவது: 'எழுத்து' என்ற ஒரு சொல்லை மூன்று பொருளில் ஆண்டிருக்கிறீர்கள். 'தமிழ்' என்ற சொல்லில் மூன்று எழுத்து என்று ஓரிடத்திலும், ஐந்து எழுத்து என்று ஓரிடத்திலும் சொல்கிறீர்கள். எது உங்கள் கொள்கை?

மூன்றாவது: பட்டியலில் 'கொடி' என்ற சொல் இரண்டு முறை வருகிறது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கணினி ஏன் வேறென்று கருதுகிறது?

நான்காவது: மெய்யெழுத்து உயிர்மெய்க்கு முன் வருமா, பின் வருமா என்று எங்குமே சொல்லவில்லை.

இவற்றின் நியாயம் விளங்கச் சிறிது விளக்கம் தேவை. கணினிக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். உலக மொழிகளின் குறிகளுக்கெல்லாம் எண் வழங்கும் ஒருங்குறி, தமிழில் அகரமேறிய மெய்க்கு ஓர் எண்ணும், கொம்பு, கால், சுழி முதலிய உயிர்க்குறிகளுக்குத் தனித்தனி எண்ணும், புள்ளிக்கு ஓர் எண்ணும் தருகிறது. ஆகவே 'தமிழ்' என்பது கணினியின் கணக்கில் த, ம, இகரக்குறி, ழ, புள்ளி என ஐந்து. நம் கணக்கில் த, மி, ழ் என மூன்று. இரண்டும் சரியான கணக்குகளே. இரண்டையும் 'எழுத்து' என்றே அழைத்தது எங்கள் சோம்பல். 'கொ' என்பதை ஒரே உயிர்க்குறியாகவும் எழுதலாம். ஒற்றைக் கொம்பும் காலுமாக இரு குறிகளாகவும் எழுதலாம். திரையில் வேறுபாடு தெரியாது. எண்கள் வேறாதலால், ஒப்பிடுமுன் ஒரு வடிவத்துக்குக் கொண்டுவராவிட்டால் கணினி அவற்றை இரு சொற்களாகவே கொள்ளும். அதைச் செய்யும் கருவி எங்கள் நிரலகத்தில் இருந்தது. முதலில் அதை இயக்க வேண்டும் என்று நாங்கள் எங்கும் எழுதவில்லை.

வரிசை இன்னும் சிக்கலானது. ஒருங்குறியின் தமிழ்ப் பகுதி, இந்திய மொழிகளுக்குப் பொதுவாக 1988-இல் வகுக்கப்பட்ட இஸ்கி முறையைத் தழுவியது. அதில் நாகரி நெடுங்கணக்கின் இருக்கைகளில் தமிழ் எழுத்துகள் அமர்த்தப்பட்டிருக்கின்றன. எனவே னகரம் நகரத்துக்கு அடுத்தும், றகரம் ரகரத்துக்கு அடுத்தும், ளகரமும் ழகரமும் லகரத்துக்கு அடுத்தும் இருக்கின்றன. வெறும் எண்வரிசையில் அடுக்கினால் மணி, மனை, மறை, மலை, மழை என்று வரும். தமிழ் நெடுங்கணக்கின்படி மணி, மலை, மழை, மறை, மனை என்று வர வேண்டும். இதைச் சரி செய்யவே நிரலகம் எழுதினோம், சரியாகவும் செய்திருந்தோம். ஆனால் மெய்யெழுத்தின் இடம் பற்றித் தமிழ் அகராதிகளிலேயே இரு வழக்குகள் உள்ளன. சில அகராதிகள் ககர மெய்யை முன்வைத்துப் பிறகு க, கா, கி என்று செல்லும். சில, க முதல் கௌ வரை முடித்துக்கொண்டு மெய்யை இறுதியில் வைக்கும். முன்னதன்படி 'கொட்டை' முதலில், 'கொடி' பிறகு. பின்னதன்படி 'கொடி' முதலில், 'கொட்டை' பிறகு. நாங்கள் முன்னதைக் கையாண்டிருந்தோம். வேறொரு வழக்கு உண்டென்ற நினைவே ஆவணம் எழுதியபோது எங்களுக்கு வரவில்லை. எங்களில் ஒருவர் தமிழ் கற்பிப்பவர் என்பதை இங்கே மீண்டும் நினைவூட்டிக்கொள்கிறோம்.

ஒன்பது குறைகளுக்கும் சேர்த்து நாங்கள் அனுப்பிய பதில் மூன்றே வரிகள். இவை அடிப்படைச் செய்திகள்; நிரல் பயில்வோர் இவற்றை அறிவர். மெய் முதலில் வருவது பக்கம் 23-இல் உள்ள எடுத்துக்காட்டிலிருந்தே விளங்கும். ஆவணத்தை மீண்டும் ஒருமுறை வாசிக்க வேண்டுகிறோம். ஒருவர் எழுதினார், மற்ற இருவரும் கண்ணியமாக இருக்கிறது என்று ஒப்புதல் தந்தோம்.

அவரிடமிருந்து பதில் இல்லை.

நான்கு மாதங்கள் கழித்து, கோவையில் பொறியியல் படிக்கும் மாணவி ஒருவர், எங்கள் கருவி தன் சொற்பட்டியலைப் பிழையாக அடுக்குவதாக எழுதினார். 'கொடி'க்குப் பதில் 'கடல்', 'கொட்டை'க்குப் பதில் 'கட்டு'. மற்றபடி அதே கேள்வி. நிரல் பயில்வோர் அறிவர் என்று சொல்லியிருந்தோம். இவர் நிரல் பயில்பவர். அன்றிரவு பழைய கடிதத்தை எடுத்து மூவரும் மறுபடி படித்தோம். ஒன்பதில் எட்டு, ஆவணத்தின் குறைகள். ஒன்பதாவது எங்கள் நிரலிலேயே இருந்த வழு.

தாண்டிக்குடிக்கு மன்னிப்புக் கடிதம் எழுதினோம். இரண்டு நாட்களில் பதில் வந்தது. மன்னிப்பெல்லாம் எதற்கு என்று தொடங்கி, சொல்லட்டைகள் கலந்து கிடப்பதாகவும், நேரில் வந்தால் காட்டுவதாகவும் எழுதியிருந்தார். என்ன கலந்தது என்று தொலைபேசியில் கேட்டபோது, "அதைப் பார்த்தால்தான் விளங்கும் தம்பி, வாங்க" என்று மட்டும் சொன்னார். பிறகு வழி சொன்னார்.

அவர் சொன்ன வழியைக் குறிப்பிட்டாக வேண்டும். வத்தலக்குண்டிலிருந்து தாண்டிக்குடிக்கு இரண்டு பாதைகள். ஒன்று கொடைக்கானல் சாலையில் ஏறி, ஊத்து, பண்ணைக்காடு வழியாக வருவது. மற்றது பட்டிவீரன்பட்டி, சித்தரேவு கடந்து மலையேறுவது. நாங்கள் இரண்டாவதில் வர வேண்டும். பெரும்பாறை என்ற ஊர் வந்தால் சரியான வண்டியில் இருக்கிறோம் என்று பொருள். தடியன்குடிசையில் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தின் பலகை தெரியும். காப்பி ஆராய்ச்சி நிலையம் தாண்டிக்குடியில் இருப்பதால், ஆராய்ச்சி நிலையம் என்ற பெயரைக் கண்டதும் புதியவர்கள் அங்கேயே இறங்கிவிடுகிறார்கள்; நாங்கள் இறங்கக் கூடாது. எங்கே புறப்படுவது, சரியாக வருகிறோம் என்று எப்படி அறிவது, எந்த இடத்தில் பலரும் தவறுகிறார்கள் என்று மூன்றையும் நாங்கள் கேளாமலே சொல்லி முடித்தார். எங்கள் நாற்பது பக்கங்களில் இம்மூன்றில் ஒன்றும் இல்லை. பெரும்பாறையைக் கடந்தபோது எங்களில் ஒருவர் இதைச் சொன்னார். மற்றவர்கள் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஐப்பசி மாதம். மலை முழுவதும் மழை மூட்டம். சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏறியிருந்தது. அவற்றின் நிழலில் காப்பிச் செடிகள். முருகன் இங்கிருந்து பழனிக்குத் தாண்டிக் குதித்ததால் தாண்டிக்குதி என்றாகி, அது தாண்டிக்குடி என்று மருவியது என்பது ஊர்க் கதை. பேருந்து நிறுத்தத்துக்கே குடையோடு வந்திருந்த ஆசிரியர், அக்கதையைச் சொல்லிவிட்டு, "ஊர்ப்பெயருக்குச் சொல்லும் காரணத்தை அட்டையில் தனி மையில் எழுதுவேன். கதை வேறு, சொல் வேறு" என்றார்.

அவர் வீட்டில் செருப்பு வாங்கி வந்த அட்டைப்பெட்டிகள் ஆறு இருந்தன. அவற்றில் ஏறக்குறைய ஆயிரத்து இருநூறு அட்டைகள். முதல் அறுநூறு, பழைய அகராதி வழக்கப்படி மெய்யைப் பின்வைத்து அவர் கையால் அடுக்கியவை. அடுத்த அறுநூறு எங்கள் நிரலகம் அடுக்கியவை. ஆவணத்தை நம்பி, இரண்டாம் பகுதியின் வரிசைப்படியே அட்டைகளுக்கு மையால் எண்ணிட்டிருந்தார். அந்த எண்களைக் கொண்டு ஓர் அட்டையிலிருந்து மற்றொன்றுக்குக் குறிப்பும் எழுதியிருந்தார். கவாத்து அட்டையில் களம் அட்டையின் எண். நிழல் மரத்தில் தாங்கு மரத்தின் எண். இரு பகுதிகளையும் ஒன்றாகக் கோக்க முயன்றபோது எதுவும் எதனோடும் பொருந்தவில்லை. ஏழு மாத உழைப்பு. முடிக்கொத்து நோயால் இம்மலையில் பெரிதும் அழிந்துபோன மலைவாழையைச் சார்ந்த சொற்கள் அந்த இரண்டாம் பகுதியில்தான் இருந்தன. அவற்றைச் சொன்ன முதியவர்களில் சிலர் இப்போது இல்லை. சொற்கள் தொலைந்துவிடவில்லை என்று அவரே எங்களைத் தேற்றினார். அட்டை இருக்கிறது, தேடத்தான் முடியவில்லை என்றார்.

மடிக்கணினியைத் திறந்து அரை மணியில் சரி செய்துவிடலாம் என்று நினைத்துப் போயிருந்தோம். மழையில் மின்சாரம் நின்றிருந்தது. மடிக்கணினியில் இருந்த மின்னேற்றம் மதியத்துக்குள் தீர்ந்தது. ஆகவே சன்னல் வெளிச்சத்தில், தரையில் பாய் விரித்து, நால்வரும் கையால் அடுக்கத் தொடங்கினோம்.

அப்போதுதான் கேள்விகள் எழுந்தன. எல்லாம் எங்கள் கேள்விகள். ஐயா, கொடி முன்னா, கொட்டை முன்னா? என் பெட்டியில் மெய் கடைசி தம்பி. அதனால் கொடி முன். சில்வர் ஓக் என்று இடைவெளி விட்டு எழுதியதை ஒரே சொல்லாகக் கொள்வதா, இரண்டாகவா? இடைவெளியை எண்ணாமல் சேர்த்தே கொள்ளுங்கள். காப்பி, காபி இரண்டுக்கும் இரண்டு அட்டை உள்ளதே? இரண்டும் இருக்கட்டும், ஒன்றிலிருந்து மற்றதற்கு வழி காட்டியிருக்கும், பாருங்கள். ஜாதிக்காய் சகரத்தில் வருமா? வராது, கிரந்த எழுத்துகள் எல்லாம் னகரத்துக்குப் பின், கடைசிப் பெட்டியில். காரணமும் கேட்டோம், காரணமும் சொன்னார்.

மாலையில் எங்களில் ஒருவர், காலையில் கேட்ட அதே கேள்வியை மறதியாக மறுபடி கேட்டார். மெய் முன்னா, பின்னா? அவர் காலையில் சொன்ன அதே சொற்களில், அதே குரலில், "என் பெட்டியில் மெய் கடைசி தம்பி" என்றார். இது அடிப்படைச் செய்தி என்று சொல்லவில்லை. முன்பே சொன்னேனே என்றும் சொல்லவில்லை. சொல்லிவிட்டு எழுந்து போய், பழைய நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் 'மெய் கடைசி, இடைவெளி இல்லை, கிரந்தம் இறுதியில்' என்று பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டினார். அதன் பிறகு நாங்கள் யாரும் அதைக் கேட்கவில்லை.

அடுக்கி முடிக்க இரண்டு நாட்கள் ஆயின. பழைய எண்களை அவர் அழிக்கவில்லை. சிவப்பு மையால் ஒரு கோடிட்டு, அருகே புதிய எண்ணை எழுதினார். எங்கள் தவறு அறுநூறு அட்டைகளிலும் அப்படியே படிக்கும்படி இருக்கிறது.

திரும்பி வரும் வழியில் எங்கள் தமிழாசிரியர் நன்னூலின் பாயிரத்தை எடுத்துப் பேசினார். ஒரு நூலுக்குப் பாயிரம் எழுதும்போது சொல்ல வேண்டியவை என்று பவணந்தியார் எட்டைக் கூறுகிறார்: ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூலின் பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன். எங்கள் ஆவணத்தை இதோடு வைத்துப் பார்த்தோம். ஆக்கியோன் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. நூலின் பெயரும் பயனும் இருந்தன. எல்லை இல்லை, அதாவது இந்நிரலகம் எதைச் செய்யாது என்று எங்கும் இல்லை. கேட்போர் இல்லை. யாருக்காக எழுதுகிறோம் என்று நாங்கள் தீர்மானிக்கவே இல்லை. தீர்மானிக்காதபோது கேட்போர் நாங்களே ஆகிவிட்டோம். எங்களுக்குத் தெரிந்ததை விட்டுவிட்டோம். எங்களுக்குப் புதிதாக இருந்ததை விரித்து எழுதினோம். ஒரு கடிதம் வரும்போதுதான் உண்மையான கேட்போர் ஒருவரின் முகம் முதன்முதலாகத் தெரிகிறது. அந்த முகத்தைப் பார்த்து, நீங்கள் எங்கள் கேட்போர் அல்லர் என்று சொல்லியிருந்தோம்.

குறை காண்போரை எப்படி நடத்துவது என்பதற்கு நல்ல முன்மாதிரிகள் இல்லாமலில்லை. கணினியியல் அறிஞர் டொனால்டு குனூத், தம் நூல்களில் பிழை கண்டு சொல்வோருக்குப் பிழை ஒன்றுக்கு 2.56 டாலர் காசோலை அனுப்புவதை வழக்கமாகக் கொண்டார். அவர் ஆக்கிய டெக் என்னும் அச்சுக்கோப்பு மென்பொருளில் வழு காண்போருக்கான தொகை ஆண்டுதோறும் இரட்டித்து, 327.68 டாலரில் நின்றது. பெற்றவர்களில் பலர் காசோலையை வங்கியில் கொடுக்காமல் சட்டமிட்டு மாட்டிக்கொண்டார்கள். மோசடிக்கு அஞ்சி 2008-இல் காசோலையை நிறுத்தியவர், அதற்குப் பதிலாகக் கற்பனை வங்கி ஒன்றின் சான்றிதழை அனுப்பலானார். நம் பக்கத்திலும் பார்க்கலாம். உ.வே.சாமிநாதையர் 1887-இல் வெளியிட்ட சீவக சிந்தாமணிப் பதிப்பின் மீது கண்டனங்கள் எழுந்ததை அவரே 'என் சரித்திரம்' நூலில் எழுதியிருக்கிறார். அதன் பின்வந்த பதிப்புகளை அவர் திருத்தியே வெளியிட்டார். பழைய தமிழ் நூல்களின் கடைசியில் பிழைதிருத்தம் என்று ஒரு பக்கம் இருக்கும். இளமையில் அதை அச்சகத்தாரின் அசட்டைக்குச் சான்று என்று சிரித்திருக்கிறோம். இப்போது அந்தப் பக்கம் இல்லாத நூலைக் கண்டால் சற்றுத் தயங்குகிறோம்.

ஆவணத்தை மீண்டும் முதலிலிருந்து எழுதினோம். முதற் பக்கத்தில் கேட்போர் யார் என்று சொன்னோம்: தமிழ் நெடுங்கணக்கு அறிந்தவர், நிரல் முன்பின் அறியாதவராகவும் இருக்கலாம். 'எழுத்து' என்பதை இலக்கணப் பொருளில் மட்டுமே ஆள்வதென்றும், கணினியின் கணக்கைக் 'குறியெண்' என்று அழைப்பதென்றும் முடிவு செய்தோம். மெய் முன், மெய் பின் இரண்டையும் நிரலகம் செய்யுமாறு மாற்றி, எது இயல்பாக நடக்கும் என்பதை 'கொடி', 'கொட்டை' கொண்டு விளக்கினோம். கடைசியில் பிழைதிருத்தப் பக்கம் ஒன்று சேர்த்தோம். கடிதங்களுக்குப் பதில் எழுதும் முறையையும் மாற்றிக்கொண்டோம். ஒருவர் ஒன்று கேட்டால், முதலில் ஆவணத்தில் அந்த இடத்தைத் திருத்துவோம்; பிறகு, இன்ன பக்கத்தை இன்னவாறு மாற்றியிருக்கிறோம், இப்போது விளங்குகிறதா என்று அவருக்கு எழுதுவோம். திருத்த ஒன்றும் இல்லை என்று மூவருக்கும் தோன்றினால் ஒரு வாரம் கழித்து மறுபடி படிப்போம். பதில்கள் முன்னிலும் தாமதமாகின்றன. ஒருவரும் இதுவரை அதைக் குறை கூறவில்லை.

புதிய ஆவணத்தை அச்சிட்டுத் தாண்டிக்குடிக்கு அஞ்சலில் அனுப்பினோம். நன்றியுரையில் அவர் பெயரைச் சேர்க்க அனுமதியும் கேட்டோம். பெயர் வேண்டாம், ஊர் பெயர் போதும் என்று சொல்லிவிட்டார். ஒரு மாதத்தில் அந்தப் படி பென்சில் குறிகளோடு திரும்பி வந்தது. இரண்டு இடங்களில் ஒற்று மிகவில்லை. ஓரிடத்தில் மிகக் கூடாது. மூன்றையும் பிழைதிருத்தப் பக்கத்தில் சேர்த்தோம்.

நான்காவதாக ஒரு குறி இருந்தது. 'பக்ஷி' என்ற சொல்லில் எத்தனை எழுத்து என்ற கேள்விக்கு எங்கள் நிரலகம் இரண்டு என்று விடை தரும். க்ஷகரத்தை ஓரெழுத்தாகக் கொண்டிருக்கிறோம் என்பதையும், அதற்கான காரணத்தையும், க், ஷ எனப் பிரித்து மூன்றாக எண்ணுவோரும் உண்டு என்பதையும் எழுதியிருந்தோம். அவர் பிரித்து எண்ணுபவர். பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால், "உங்கள் முடிவு தவறு. ஆனால் இதுதான் முடிவு என்று எழுதிவிட்டீர்கள். இனி என் அட்டையை நான் பார்த்துக்கொள்வேன்" என்று எழுதியிருந்தார்.